செருப்போடு நின்று குடித்த கஞ்சி

ராசா,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொண்டே மற்றதைப் படி. நீயும் உங்கப்பாவும் ஒரு வாரமாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடுகிற உன் பாஸ்போர்ட் தொலைந்து போகவில்லை. எலி இழுத்துக்கொண்டு போகவில்லை. உன் கல்யாணக் கூட்டத்தில் யாரும் எடுத்துப் போகவும் இல்லை. பாவம், அந்தச் சமையல்காரரைக்கூட உங்கப்பா சந்தேகப்பட்டார். எடுத்து ஒளித்தது நான்தான். என் கட்டிலுக்கு அடியில் இருக்கிற டிரங்குப் பெட்டியில், செருப்புகளுக்கும் கீழே, மஞ்சப்பையில் சுற்றி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குச் சாவி என் இடுப்பில் இருப்பதால் அங்கே யாரும் தேட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் வீட்டில் உள்ள எல்லார் செருப்பையும் உள்ளே போட்டுப் பூட்டி, காலையில் எடுத்துக் கொடுக்கிற கிறுக்கு அம்மா உலகத்திலேயே உனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள் என்று நீ உன் புதுப் பெண்டாட்டி ஷீபாவிடம் சொல்லிச் சிரித்ததை நானும் கேட்டேன். சிரித்துக்கொள். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு கதை இருக்கிறது, அதை உனக்கு நான் சொன்னதே இல்லை.

இப்போது நீங்கள் இரண்டு பேரும் ஏஜென்டைப் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் போயிருக்கிறீர்கள். ஷீபா அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். மத்தியானம் சாப்பிடும்போது உங்கப்பா, "நாளைக்குக் காலையில ஸ்டேசன்ல புகார் எழுதிக் குடுத்துருவோம், அப்பறம் கெடச்சாலும் அது செல்லாது, புதுசுதான் எடுக்கணும்" என்றார். வியாழக்கிழமை டிக்கெட். புகார் கொடுத்தால் மஸ்கட் வேலை போச்சு. நான் நினைத்தது அதுதானே? அதை நினைத்துத்தானே எடுத்தேன்? ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் உன் முகத்தைப் பார்த்தேன். கோபம்கூட இல்லை அதில், போனால் போகட்டும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தாய். அந்த முகத்தை நான் ஏற்கெனவே வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் அழுவேன், நீ "சரி விடும்மா" என்பாய், பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம்.

இன்றைக்குக் காலையில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருபத்தாறு வருஷமாக நான் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன், நீயும் அதில் உட்கார்ந்து சேட்டை செய்தவன்தான். எகிப்துப் பாடம் வந்தால் பார்வோனாக நடிப்பது எப்போதும் நான்தான் என்பது உனக்குத் தெரியும். ஆண்டவர் எனக்குக் கொடுத்திருக்கிற தொண்டை அப்படி. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு இன்றைக்கும் அரியணையில் உட்கார்ந்தேன். அடிமையாக இருக்கிற ஜனங்களை விட்டுவிடு என்று மோசே வந்து கேட்கிறார். பார்வோன் ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்வதில்லை, பேரம் பேசுவான். உங்கள் சாமியை இங்கேயே இருந்து கும்பிடுங்கள் என்பான். அப்புறம், "சரி போங்க, ஆனா ரொம்பத் தூரம் போயிராதீங்க" என்பான். இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது. அடுப்படியில் நின்று உன்னிடம் நான் சொன்ன அதே இழுவை, அதே செல்லம். "வேலைதான வேணும்? அருப்புக்கோட்டையில இல்லாத ஏசி மெக்கானிக் வேலையா? சரி, மதுரைக்கு வேணா போ, அதுக்கு மேல தூரமாப் போகாத" என்று சொன்னேனா இல்லையா?

துண்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அது நடிப்பு என்று நினைத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு வாலு, "டீச்சர், அடுத்து ஆம்பளைங்க மட்டும் போங்கன்னு சொல்லுவான்!" என்று எடுத்துக் கொடுத்தாள். ஐயோ, அதையும் நான் சொல்லியிருக்கிறேன். "நீ மட்டும் போயி ஒரு வருசம் பாத்துட்டு வா, ஷீபா எங்கூட இருக்கட்டும்" என்றேன். வேலை முதலில் கிடைத்ததே ஆஸ்பத்திரி நர்ஸாக அவளுக்குத்தான், அவளை விட்டுவிட்டுப் போகச் சொன்ன என் புத்தியை என்னவென்று சொல்ல. கடைசியில் பார்வோன், எல்லாரும் போங்கள், ஆடு மாட்டை மட்டும் விட்டுப் போங்கள் என்பான். நான் உன்னிடம், "பைக்க மட்டுமாச்சும் விக்காம விட்டுட்டுப் போ" என்றேன். அடி ஆத்தே! இருபத்தாறு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரு வரி உறைக்கவில்லை. ஆராதனையில் உங்கப்பா எழுந்து நின்று, காணாமல் போன பாஸ்போர்ட் கிடைக்க எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டாரே, அப்போது சபையிலேயே சத்தமாக ஆமென் சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தாயா? நான்தான். அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று அவரிடம் நீயே சொல்லிவிடு.

இனிப் பெட்டிக் கதைக்கு வருகிறேன். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது மழை பொய்த்துப்போய், பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டில் கரி மூட்டம் போடுகிற வேலைக்கு எங்கள் குடும்பம் போனது. அய்யா, அம்மா, நான், என் தம்பி. சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, உள்ளுக்குள்ளேயே வேகவிட்டுக் கரி எடுக்க வேண்டும். ஒரு மாதம் என்று சொல்லிக் கூட்டிப் போனவர்கள் இரண்டு வருஷம் விடவில்லை. முன்பணம் கழியவில்லை என்பார்கள், எங்களுக்கு எதிர்த்துக் கேட்கிற வழக்கம் இல்லை. மத்தியானம் உன்னிடம் பார்த்த அந்தப் போனால் போகட்டும் முகம்தான் அங்கே எல்லாருக்கும். பத்தொன்பது பேர் குடிசைகளில் கிடந்தோம். வேலி கிடையாது, காவல்காரன் கிடையாது, நாய்கூடக் கிடையாது. வேலை முடிந்ததும் மேஸ்திரி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவார், எல்லாரும் காலில் கிடக்கிற டயர் செருப்பைக் கழற்றி அதில் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த முள்ளுக் காட்டில் வெறுங்காலோடு கூப்பிடு தூரம்கூடப் போக முடியாது. காலையில் வேலைக்கு முன்னால் செருப்பு திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, அதனால் செருப்பும் கிடையாது.

கரி ஏற்ற வீரசோழத்திலிருந்து ஒரு பாய் லாரி ஓட்டி வருவார். அவர் பேர் எங்களுக்குத் தெரியாது, எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காலைப் பார்த்துவிட்டார். முள் ஒடிந்து உள்ளே இருந்து, பாதம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. "ஏத்தா, செருப்பு எங்க?" என்றார். "மேஸ்திரி சாக்குல இருக்கு" என்றேன். அவர் குடிசை குடிசையாக வெளியே நின்றவர்களின் காலை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கூட வந்த ஆட்களை வைத்து லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, எங்கள் குடிசைக்குப் பின்னால் ஒரு மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, "பழைய சாக்கு கெடக்கு, பாத்து எடுத்துக்கங்க" என்றார். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே முழுக்கச் செருப்பு. அவர் தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ரப்பர் செருப்பு, வார் அறுந்து தைத்த செருப்பு, வெளிநாடு போய் வந்த யாருடையதோ பூட்ஸ் ஒரு ஜோடி, கல்யாணப் பெண் போட்டுக் கழித்த ஜிகினாச் செருப்பு. எனக்கு ஒரு காலுக்கு ஜிகினா, இன்னொரு காலுக்கு ஒரு ஆம்பளைச் செருப்பு. அம்மா சணலால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரி மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் ஊருக்குப் போய்விட்டுப் பொழுது சாயத்தான் வருவார். அடுப்பில் கம்பங்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றார் அய்யா. அம்மா கேட்கவில்லை. "வெறும் வயித்தோட இந்த வெயில்ல எங்கிட்டு நடக்க? ஆளுக்கு ஒரு செம்பு குடிங்க. ஆனா உக்காந்துறாதீக. உக்காந்தா எந்திரிக்க மனசு வராது" என்றாள். பத்தொன்பது பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே, வாய் வேக வேகக் கஞ்சி குடித்தோம். குடித்துவிட்டு நடந்தோம். தம்பி அய்யா தோளில். வெளிச்சம் மங்குவதற்குள் பந்தல்குடி ரோட்டைப் பிடித்தோம். ரோட்டோரம் ஒரு சின்ன வேதக்கோயில் இருந்தது, அதன் உபதேசியார் எங்கள் காலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கோயில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார். நீ ஞானஸ்நானம் எடுத்த அதே கோயில்தான்.

அந்த வாரமே மேஸ்திரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார். பார்வோனுக்கு ரதமும் குதிரையும், எங்களுக்கு வாய்த்தவருக்குச் சைக்கிள். ஊர்க்காரர்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து எங்களுக்கு முன்னால் நின்றார்கள், அவர் திரும்பிப் போய்விட்டார். அவர் போனதும் அய்யாவுக்கு மனசு கலங்கியது. "அங்கனயாச்சும் கருவாட்டுக் கொழம்பு கெடைக்கும், இங்க என்ன இருக்கு, திரும்பிப் போயிருவோமா" என்று முனகினார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போறதுன்னா போங்க. செருப்ப மட்டும் கழத்தி வச்சுட்டுப் போங்க" என்றாள். அய்யா கொஞ்ச நேரம் தன் காலில் கிடந்த அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் சிரித்துவிட்டார். திரும்பிப் போகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உபதேசியார் அன்றைக்கு எகிப்துக் கதையைச் சொன்னார். அடிமை வேலை, பெருமூச்சு, புறப்படுகிற அன்றைக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டது. செருப்பு என்று அவர் சொன்னதுதான் தாமதம், அம்மா எழுந்துவிட்டாள். "இது எங்க கததான! இவுகளுக்கு யாரு சொன்னா?" என்றாள். கோயிலே சிரித்தது. உபதேசியார், "ஏத்தா, இது ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி நடந்தது" என்றார். "இருக்கட்டும்யா. நாங்க போன ஞாயித்துக்கெழமதான வந்தோம்" என்றாள் அம்மா. எனக்கு எந்தப் பிரசங்கத்தைவிடவும் அந்தப் பதில்தான் பெரிது. ஆண்டவர் என்றைக்கோ ஒரு தரம் செய்துவிட்டு ஓய்ந்துபோன காரியம் இல்லை அது என்று படிக்காத அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

இதில் நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன், பாஸ்டர் ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ. அந்தக் காட்டில் எங்களில் ஒருவருக்கும் ஆண்டவர் பேர் தெரியாது. ஜெபம் தெரியாது. பெருமூச்சு விட்டோம், அவ்வளவுதான். எகிப்தில் இருந்தவர்களும் அப்படித்தான் வேலைச் சுமையில் முனகினார்கள், அந்த முனகல் மேலே போனது, அவர் இறங்கினார். முதலில் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார், தான் யார் என்று விளக்கமாகச் சொன்னதெல்லாம் பிறகு. கும்பிட்டால்தான் விடுவிப்பேன் என்று சொல்லாத சாமி. இன்னொன்றும் இருக்கிறது. முட்செடி எரிந்த இடத்தில் மோசேயைச் செருப்பைக் கழற்றச் சொன்னவர், அடிமை ஜனங்களை எகிப்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிடச் சொன்னார். ஏன் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். மோசே அரண்மனையில் வளர்ந்தவர், அவருக்குக் கழற்றுவதுதான் புதுசு. அடிமைக்குப் போட்டுக்கொள்வதுதான் புதுசு. நீ நடக்கலாம், உன் கால் உன்னுடையது என்று சொல்வதற்கு அவர் முதலில் காலைத்தான் பார்த்தார், பாய் பார்த்தது மாதிரி. எல்லாரும் கடல் பிளந்ததைப் பெரிசாகப் பேசுவார்கள். பெரிசுதான். ஆனால் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடந்தும் அவர்கள் செருப்பு தேயவில்லை என்று ஓர் இடத்தில் வருகிறதே, அங்கே வரும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். முள்ளில் நடந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வருஷா வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் செருப்போடு நின்று கம்பங்கஞ்சி குடிப்பது எதற்கு என்று நீ கேட்டபோதெல்லாம், வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி வாயை அடைத்தேன். கரிக் காட்டிலிருந்து வந்தவள் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அது என் முதல் தப்பு. உன் சிநேகிதர்கள் வந்து பார்த்துச் சிரித்த அன்று நீ அழுதாய், கதையைச் சொல்லியிருந்தால் நீ அழுதிருக்க மாட்டாய். இரண்டாவது தப்பு அந்தப் பெட்டி. யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் செருப்பைப் பூட்டி வைக்க ஆரம்பித்தேன், கல்யாணமாகி வந்த முதல் நாளிலிருந்து. உங்கப்பா ஒரு வார்த்தை ஏன் என்று கேட்காமல் கழற்றிக் கொடுத்த புண்ணியவான். நீ ஏழாவது படிக்கும்போது சாயங்காலம் கபடிப் போட்டி இருக்கிறது என்று செருப்பைக் கேட்டாய். பொழுது சாய்ந்துவிட்டது, தர மாட்டேன் என்றேன். நீ வெறுங்காலோடு ஓடிப்போய்க் குதிகாலில் முள் ஒடிந்து, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். வலியில் கிடந்த உன்னை நான் அடித்தேன். கரிக் காட்டில் எனக்கு முள் ஏறிய அதே இடத்தில் உனக்கும் தழும்பு இருக்கிறது, ராசா. எனக்கு மேஸ்திரியால் வந்தது, உனக்கு என்னால் வந்தது. இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

காட்டை விட்டு ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டோம். காடு என்னை விட்டுப் போக இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்த ஜனங்களையும் ஆண்டவர் நாற்பது வருஷம் சுற்றவைத்தது வழி தெரியாமலா? வானத்திலிருந்து மன்னா என்கிற அப்பம் விழும்போது, இன்றைக்கு வேண்டியதை மட்டும் எடு, நாளைக்கு நான் தருவேன் என்றார். நம்பாமல் பதுக்கினவர்கள் பானையில் புழு நெளிந்தது. அதையும் நான் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன், வீட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்டுவேன். கடைசியில் உன்னையும் அதில் போட்டுப் பூட்டப் பார்த்தேன். மஸ்கட் போய் வந்த வீரசோழத்துக்காரர்கள் சொல்வார்கள், இறங்கியதுமே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிற முதலாளிகள் சிலர் இருக்கிறார்களாம். அதைக் கேட்டு அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன்னுடையதை முதலில் பறித்தவள் உன்னைப் பெற்றவள்தான்.

அதனால் அங்கே போனதும் உன் பாஸ்போர்ட்டையும் ஷீபாவுடையதையும் யார் கேட்டாலும் கொடுத்துவைக்காதே, சட்டம் என்ன என்று விசாரித்துக்கொள். ஷீபா உன்னைவிடப் பெரிய சம்பளம் வாங்குவாள், வாங்கட்டும், அவள் எங்கே போனாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று கணக்குக் கேட்கிற மேஸ்திரியாக மட்டும் ஆகிவிடாதே. நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தால் அவர்கள் காலைப் பார். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது உன்னை விட்டுக் கிளம்புகிற அன்றைக்கு நீயும் பேரம் பேசுவாய், என் ரத்தம்தானே உனக்கும். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் படி. எனக்காகக் கவலைப்படாதே. எனக்கு என்ன குறை? வீடு இருக்கிறது, ஞாயிறு பள்ளி இருக்கிறது, தொலைத்ததற்கெல்லாம் எலி மேல் பழி போடுகிற ஒரு மனுஷர் இருக்கிறார். நீ போவது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் என் பிள்ளை தன் காலில் செருப்போடு, தானாகக் கிளம்பிப் போகிறான் என்பதை நினைத்தால் அம்மாவையும் அய்யாவையும் அந்தப் பாயையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருக்கிறது.

பாஸ்போர்ட்டை எடுத்து இந்தக் கடிதத்துக்கு மேல் வைத்திருக்கிறேன். நாளைக்கு நீ ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது இல்லை. வியாழக்கிழமை காலையில் கம்பங்கஞ்சி காய்ச்சுகிறேன், சித்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீயும் ஷீபாவும் நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இப்போது நேரம் ஐந்தரை, பொழுது சாய்கிறது. பெட்டியில் இருந்த மிச்சச் செருப்புகளையும் எடுத்து வாசலுக்கு வெளியே, எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி, வரிசையாக விட்டுவிட்டு வந்துதான் இதை முடிக்கிறேன். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது பார்ப்பீர்கள். உங்கப்பா பதறிப்போய் அதையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே வருவார். அவரைக் கையைப் பிடித்து நிறுத்து. அங்கேயே கிடக்கட்டும் என்று சொல், உங்கள் செருப்பையும் அதன் பக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வாருங்கள்.

அம்மா